மேகம் மூடிய தீபம்

இரக்கம் என்பது குழந்தையின் கூடவே பிறப்பதா, அல்லது பார்த்துப் பார்த்துப் பழகுவதா? ஐந்து வயது மகளை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டுகிறேன். இன்றுவரை பதில் கிடைக்கவில்லை. எண்ணெயில் ஊறிய பஞ்சுத்திரியின் வாசம் மழை ஈரத்தோடு கலந்து வரும்போதெல்லாம், இந்தக் கேள்வி முதன்முதலாக எனக்குள் நுழைந்த அந்தக் கார்த்திகை தீப நாள் நினைவுக்கு வந்துவிடும்.

திருவண்ணாமலையில் கோயிலுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் எங்கள் வீடு. மொட்டை மாடியில் ஏறினால் எதிரே மலை. அம்மாவுக்குத் தெருப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் "பாத்தியா அம்மா". பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "பக்கத்து பெஞ்சு கனகாதாம்மா என் பென்சிலை எடுத்துட்டா" என்று நான் மூக்கைச் சிந்தினால், அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே "நீ பாத்தியா?" என்பாள். "பாக்கல, ஆனா அவதான் எப்பவும்..." என்று இழுத்தால், "எப்பவும் கதை வேணாம். இன்னிக்கு பாத்தியா?" அதோடு என் வழக்கு தள்ளுபடி. பால் சூடாக இருக்கிறதா என்று கேட்டால்கூட "தொட்டுப் பாரு" என்பாளே தவிர, ஆமாம், இல்லை என்று சொல்ல மாட்டாள். மற்ற வீடுகளில் அம்மாக்கள் ஊதி ஊதிக் கொடுக்கும்போது, என் அம்மாவுக்கு மட்டும் மனசு கொஞ்சம் கல்லோ என்று நான் சந்தேகப்பட்டதுண்டு.

எங்கள் ஊரில் மலை மேல் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டில் அகல் ஏற்றுவது வழக்கம். விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீரோடு விரதம் இருக்கும் அம்மா, தீபத்தைக் கண்ணால் பார்த்து, விளக்கேற்றிய பிறகே சமையலறைப் பாத்திரத்தின் மூடியைத் திறப்பாள். எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது ஒரு கார்த்திகைக்கு, பிற்பகலிலிருந்தே தூறல் பிடித்துக்கொண்டது. அப்பா கோயில் கூட்டத்தில் எங்கோ இருந்தார். நானும் அம்மாவும், அப்பாவின் அக்காவான அத்தையும் மாடியில் நின்றிருந்தோம். மலை இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு திரை மட்டும் தொங்கியது.

வெடிச்சத்தம் கேட்டது. "அரோகரா" என்ற குரல் கோயில் பக்கமிருந்து கிளம்பித் தெருத்தெருவாக உருண்டு வந்தது. சுற்றியுள்ள வீடுகளில் அகல்கள் மினுக்கத் தொடங்கின. எங்கள் மாடி மட்டும் இருட்டாக இருந்தது.

"ஏத்திட்டாங்கம்மா. இன்னும் இன்னாத்துக்கு நின்னுட்டிருக்க?" என்றாள் அத்தை.

"நான் பாக்கலையே அண்ணி."

"வருஷா வருஷம் ஏத்தறதுதானே! இந்த வருஷம் மட்டும் ஏத்தாம வுட்டுடுவாங்களா?"

"போன வருஷம் ஏத்துனது போன வருஷம். இந்த மழையில திரி புடிச்சுதோ இல்லியோ, யாருக்குத் தெரியும்?"

"ஆமாமா, அண்ணாமலையாரே எறங்கி வந்து உன் வூட்டுக் கதவைத் தட்டிச் சொல்லுவாரு. நில்லு!"

அப்போது கீழே உண்மையாகவே யாரோ கதவைத் தட்டினார்கள். இறங்கிப்போய்த் திறந்தால், போளூர்ப் பக்கத்திலிருந்து தீபம் பார்க்க வந்த ஒரு பெண். கூட்டத்தில் கணவரைத் தவறவிட்டு, மழைக்கு ஒதுங்க இடம் கேட்டாள். இடுப்பில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று, குரல் கம்மிப்போய் அழுதுகொண்டிருந்தது. "காலையில ஒரு இட்லி தின்னதும்மா, அவ்ளோதான்" என்றாள் அந்தப் பெண். அம்மா ஒருமுறை முற்றத்திலிருந்து மலைப்பக்கம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று சமையலறைக்குள் போய்த் தட்டில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள்.

அத்தை பதறிவிட்டாள். "தீபம் பாக்காம சோத்துல கை வெக்கிறியே! இத்தினி வருஷ விரதம்!"

"மலை மேல இருக்கிறது எனக்குத் தெரியல அண்ணி. இது பசியில அழுவுறது தெரியுது."

அந்தக் குழந்தை சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நின்ற நான், எனக்கென்று ஒளித்துவைத்திருந்த பொரி உருண்டையைக் கொண்டுவந்து அதன் கையில் கொடுத்தேன். யாரும் கொடுக்கச் சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்ததால் கொடுத்தேனா, அந்த முகத்தைப் பார்த்ததால் கொடுத்தேனா என்பது இன்றும் எனக்குத் தெளிவாகவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணின் கணவர் தேடிக்கொண்டு வந்து சேர்ந்தார். அம்மா மட்டும் கடைசிவரை எதையும் வாயில் வைக்கவில்லை. மறுநாள் விடியலில் மேகம் விலகி, உச்சியில் குங்குமப்பொட்டுபோல் தீபம் தெரிந்த பிறகு அகல்களை வரிசையாக ஏற்றினாள். பால்காரர் முதற்கொண்டு தெருவே சிரித்தது.

பிற்பாடு கல்லூரியில் தத்துவம் படித்தேன். அறிவு என்பது ஐம்புலன்கள் வழியாக வருவது, நேற்று நடந்தது நாளையும் நடக்கும் என்பது நம் பழக்கமே தவிர நிரூபணம் அல்ல, நல்லது கெட்டதை முதலில் உணர்வது மனசு, கணக்குப் போடும் மூளை அல்ல என்றெல்லாம் பேராசிரியர் விளக்கியபோது, மற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருக்க, எனக்கு அம்மாவின் குரல்தான் கேட்டது. படித்ததில் பாதி மறந்துவிட்டது. அந்த இருட்டு மாடியும் சோற்றுத் தட்டும் மறக்கவில்லை. இப்படியொரு வீட்டில் வளரக் கொடுத்துவைத்திருந்ததை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

ஆனால் நான் அம்மா அல்ல. சென்னையில் என் மகளுக்குப் பாலை ஊதி ஊதித்தான் கொடுக்கிறேன். மாடிவீட்டுப் பையன் படியில் விழுந்தபோது அவள் கைகொட்டிச் சிரித்ததைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் தூங்கவில்லை. இவளுக்கு இரக்கமே இல்லையோ, நான்தான் பழக்கத் தவறிவிட்டேனோ என்று பயந்தேன்.

போன கார்த்திகைக்கு ஊருக்குப் போயிருந்தோம். அத்தை இப்போது இல்லை. எதிரே ஒரு லாட்ஜ் எழும்பி மலையில் முக்கால்வாசியை விழுங்கிவிட்டது. உச்சி மட்டும் அதன் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் கொஞ்சம் தெரியும். அம்மாவின் கண்களிலும் புரை விழுந்திருக்கிறது. அன்றும் தூறல், அன்றும் மேகம். "அரோகரா" கேட்டது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத அம்மா, மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு என் மகளிடம் கேட்டாள்: "தீபம் தெரியுதா கண்ணு?"

"தெரியுது ஆயா!"

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன் ஆயா. நீ வா, சாப்புடு."

பக்கத்தில் நின்ற எனக்கு வெறும் மேகம்தான் தெரிந்தது. பேத்தி சொன்னதைக் கேட்டு, அம்மா கைகூப்பி அகல்களை ஏற்றினாள், சாப்பிட்டாள். பிறகு மகளைத் தனியே அழைத்து, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "ஆயாவுக்குக் கை நடுங்குச்சும்மா" என்றாள்.

பார்க்காததைப் பார்த்தேன் என்று சொன்னதற்காக அவளைக் கண்டிக்க வேண்டுமா? நடுங்கும் கையைப் பார்க்கத் தெரிந்ததற்காகக் கட்டிக்கொள்ள வேண்டுமா? அடுத்த கார்த்திகைக்கும் அம்மா அவளைத்தான் கேட்கப்போகிறாள். அதற்குள் அவளிடம் நான் என்ன சொல்லிவைக்க வேண்டும்? பிள்ளைகளை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.