ஒடியாத ஆக்சில்

எங்கள் பழைய ஜீப்பின் பின் ஆக்சில் ஓடைக்குள் மறுபடியும் ஒடிந்தபோது, மாங்காய் பறிக்க ஆள் சொல்லியாகிவிட்டது. வத்திராயிருப்புக்கு மேற்கே மலையடிவாரத்தில் தோப்பு. காய் ஓடையைத் தாண்டி ரோட்டுக்கு வந்தால்தான் வீட்டில் வருஷம் முழுக்க உலை கொதிக்கும். தொண்ணூறுகளின் தொடக்கம் அது.

இந்தத் தடவை கெட்டியான ஆக்சிலாகப் போட்டுவிடுவது என்று அண்ணன் கிளம்பினான். சும்மா கிளம்பினால் பரவாயில்லை, ஊரையே கேட்டான். டீக்கடையில் கேட்டான், ரைஸ்மில்லில் கேட்டான், பெண் பார்க்கப் போன வீட்டில்கூடக் கேட்டான். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். எனக்குத் தலை வெடித்துவிடும்போல் இருந்தது. கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பழைய இரும்புக் கடையில், நொறுங்கிக் கிடந்த ஒரு வேனின் ஆக்சிலைக் கண்டுபிடித்தான்.

"எம்புட்டுத் தடி பாத்தியாலே" என்று தடவித் தடவிப் பார்த்தான். பெண் பார்த்த வீட்டில்கூட அவன் முகத்தில் அந்தச் சந்தோஷம் இல்லை.

ராஜபாளையத்தில் பட்டறை வைத்திருந்த பாய்தான் எங்களுக்கு வழக்கமாக வேலை பார்ப்பவர். அவர் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாட்டிரலாம் அண்ணாச்சி. ஆனா இதுக்குள்ள இருக்கிற பல்சக்கரத்தோட பல்லுக்கணக்கு வேற, சக்கரம் சுத்துற வேகமும் மாறும். முன்னாலயும் இதே கணக்குக்கு மாத்தணும். இல்லன்னா நாலு சக்கரமும் இழுக்கட்டும்னு முன் கியர் போட்டதும் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒண்ணையொண்ணு இழுத்துக்கிட்டு நிக்கும்" என்றார்.

"ஒடிஞ்சது பின்னாடிதான பாய்? நல்லா இருக்கிறத எதுக்குப் பிரிக்கச் சொல்லுதிய?"

"அவிய சொல்றதச் செத்த கேளுண்ணே" என்றேன்.

"நீ சும்மா கெட."

மாட்டியாயிற்று. எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, மம்சாபுரம் வரை ஓட்டிப் பார்த்தோம். தார் ரோட்டில் யார் முன் கியர் போடுகிறார்கள்? பின்சக்கரங்கள் மட்டும் இழுக்க, வண்டி அருமையாக ஓடியது. எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது. என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

பறிப்பு நாளன்று, கெட்டி ஆக்சில்தானே என்று வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கூடைகளை ஏற்றினான். வியாபாரியின் லாரி ரோட்டில் நின்றது. அடுத்த தோப்புக்கும் போக வேண்டும் என்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். முன் கியர் போடாமல் அந்த ஓடையில் வண்டி ஏறாது. போட்டான். முன்சக்கரம் ஒரு வேகம், பின்சக்கரம் ஒரு வேகம். வண்டி திமிறியது, உறுமியது, நடுவே கியர்பெட்டிக்குள் என்னமோ படபடவென்று நொறுங்கியது. அதோடு நின்றுவிட்டது.

பிறகென்ன, பறிக்க வந்தவர்களோடு நாங்களும் கூடைகளைத் தலையில் சுமந்தோம். மாம்பால் வடிந்து கழுத்தெல்லாம் எரிந்தது. பாதிகூடப் போய்ச் சேரவில்லை, லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது. ஓடைக்கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகைதான் வந்தது.

அண்ணன் தலைக்கூடையை இறக்கி வைத்தான். ஜீப்புக்கு அடியில் குனிந்து செத்த நேரம் பார்த்தான்.

"ஏலே, ஆக்சிலுக்கு ஒண்ணும் ஆகல பாத்தியா" என்றான்.