வளவு வீட்டு நோட்ஸ் ஆப்

"மேடம், மறுபடியும் போயிருச்சு."

போனில் செல்வியின் குரலைக் கேட்டதுமே எனக்குத் தலைவலி வந்துவிட்டது. அப்போது கடையில் ஒரு பிரிண்டரை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டிருந்தேன். கையெல்லாம் டோனர் பொடி. எது போனது, எப்படிப் போனது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. மூன்று முறை போய்ச் சரிசெய்து, மூன்று முறையும் "இனிமே வராது" என்று என் வாயாலேயே சொல்லிவிட்டு வந்த அதே கோளாறு.

காரைக்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்து எனக்குத் தலை நரைத்துவிட்டது. வைரஸ் வந்த மெஷின், எலி கடித்த கேபிள், சாம்பார் குடித்த கீபோர்டு எல்லாம் பார்த்தாகிவிட்டது. இன்றைக்கும் கடைக்குள் வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, "சார் இல்லையா?" என்றுதான் கேட்கிறார்கள். சார் என்று ஒருவர் இந்தக் கடையில் எப்போதும் இருந்ததில்லை. அந்தக் கேள்விக்குக்கூடப் பழகிவிட்டேன். ஆனால் இந்த நோட்ஸ் ஆப் கிளப்பிய எரிச்சல் வேறு ரகம். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

1. வீடும் ஆப்பும்

செல்வி மானகிரியிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வந்து, காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டை நிர்வாகம் செய்கிறவர். எட்டுப் பங்காளிகளுக்குப் பொதுவான வீடு. அவர்கள் பேச்சில் எட்டுப் புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் அங்கே பூட்டி வைத்த அறை உண்டு. நடுவில் இருக்கும் வளவு, அதாவது பெரிய முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும், எல்லோருக்கும் பொது. பங்காளிகளில் யாரும் இப்போது ஊரில் இல்லை. சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர், மலேசியா என்று போய்விட்டார்கள். நிச்சயம், கல்யாணம், மணிவிழா என்றால் வந்து வளவில் நடத்திவிட்டுப் போவார்கள்.

எந்தப் பக்கம் ஓடு உடைந்திருக்கிறது, மோட்டார் ஏன் ஓடவில்லை, எந்தப் புள்ளிக்கு எந்தத் தேதியில் வளவு வேண்டும் என்பதையெல்லாம் செல்வி குறித்து வைக்க வேண்டும். அதற்காகப் பெங்களூர்ப் பங்காளியின் மகன் ஒரு இலவச நோட்ஸ் ஆப்பை ஆபீஸ் அறைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தார். ஒரே ஈமெயில், ஒரே பாஸ்வேர்டு. அதைச் செல்வியும் இருக்கும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டுவிட்டார். செல்வி இங்கே தட்டினால் எட்டு வீட்டுப் போனிலும் தெரியும். கேட்க நல்ல ஏற்பாடுதான்.

செல்வி தட்டுவார். நாலைந்து நாளில் தட்டியது காணாமல் போகும். அழிந்த நோட்ஸ் என்றால் ட்ராஷ் ஃபோல்டரிலாவது கிடக்க வேண்டும். அங்கேயும் இருக்காது.

2. மூன்று முறை போனது

முதல் முறை போனபோது ஆப் பழைய வெர்ஷன். தூக்கிவிட்டுப் புதிதாக இன்ஸ்டால் செய்தேன். இரண்டாவது முறை கம்ப்யூட்டரில் தேதி எங்கோ பின்னால் கிடந்தது. தேதி தப்பாக இருந்தால் சிங்க், அதாவது கம்ப்யூட்டரும் போன்களும் ஒத்துப்போவது, குழம்பும். மதர்போர்டு பேட்டரியை மாற்றினேன். மூன்றாவது முறை யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்றே முடிவு கட்டி, பாஸ்வேர்டை மாற்றினேன். அந்தப் புதுப் பாஸ்வேர்டை அன்றைக்கே குடும்ப குரூப்பில் போட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. பூட்டை மாற்றி, சாவியை வாசலிலேயே தொங்கவிட்ட மாதிரி.

நான் கேட்காமல் இல்லை. பங்காளிகளில் மூத்தவர் சென்னையில் இருக்கிறார், ரிட்டயர்டு என்ஜினீயர். எல்லோரும் அவரைப் பெரியவர் என்பார்கள். அவருக்குப் போன் போட்டு, செல்வியைத் தவிர வேறு யாராவது அதில் எழுதுகிறார்களா என்று கேட்டேன்.

"நாங்க யாரும் அதுல ஒரு எழுத்துக்கூடத் தட்டுறதில்ல மேடம். வாசிக்கிறதோட சரி" என்றார்.

சத்தியமான பதில். அதை வைத்துக்கொண்டு நான் மெஷினையே நோண்டிக்கொண்டிருந்தேன். ஆளைப் பார்க்காமல் மெஷினைப் பார்க்கிற வியாதி எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உண்டு.

3. ஒரு ஞாயிறு, இரண்டு விசேஷம்

நான்காவது முறை செல்வி கூப்பிட்டதற்குக் காரணம் சாதாரணமானது இல்லை. பெரியவர் தன் மகளின் நிச்சயத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வளவு வேண்டும் என்று சொல்லியிருந்தார். செல்வி குறித்துவிட்டார். அது காணாமல் போனது. கோயம்புத்தூர்ப் பங்காளி ஆப்பைத் திறந்து பார்த்தார். அந்த ஞாயிறு காலியாக இருந்தது. தன் மணிவிழாவை அதே நாளில் வைத்து, சமையலுக்கு ஆள் சொல்லி, பத்திரிகையும் அடித்துவிட்டார். ஒரே வளவு, ஒரே ஞாயிறு, இரண்டு விசேஷம். குடும்ப குரூப்பில் அடிதடி.

செல்வி போனை வைத்த கையோடு பெரியவர் கூப்பிட்டார்.

"மேடம், கடைசியா ஒருவாட்டி போய்ப் பாருங்க. ஆப்புல கோளாறுன்னா கோளாறுன்னு ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுங்க. இல்லைன்னா இல்லைன்னு எழுதிக் குடுங்க. மத்ததை நாங்க பாத்துக்கிறோம்."

"மத்ததுன்னா என்ன ஐயா?"

"என் மக நிச்சயத் தேதியை அதுல நானே என் கண்ணால பாத்தேன். இப்ப இல்ல. ஆப்பு நல்லா இருக்குன்னா அழிச்சது அவதானே? வேற ஆளு பாக்க வேண்டியதுதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்ப்யூட்டர் பார்க்கிறவள் நான். ஒரு பெண்ணின் வேலைக்குத் தீர்ப்பு எழுதச் சொல்கிறார். அதுவும் எப்படிப்பட்ட வேலை? பூட்டிய அறைகள் நிறைந்த வீட்டுச் சாவிக்கொத்தைக் கையில் கொடுக்கிற வேலை. ஒரு வீட்டில் இப்படி ஒரு பெயரோடு வெளியே வந்தால் இந்த ஊரில் இன்னொரு வீட்டில் சாவி கொடுக்க மாட்டார்கள். செல்வியின் சம்பளத்தில்தான் அவர் மகள் கல்லூரியில் படிக்கிறாள்.

4. உட்கார்ந்து பார்த்தது

பிரிண்டரை அப்படியே துணியால் மூடிவிட்டுப் போனேன். செல்வி அழுதிருப்பார் என்று நினைத்தேன். அழவில்லை. கோபமாக இருந்தார்.

"நான் தட்டுனது எனக்குத் தெரியும் மேடம். அழிக்கலைங்கிறதும் தெரியும். அதை எப்படிக் காட்டுறது? சொல்லுங்க."

எனக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா? எல்லாவற்றையும் மறுபடி செக் செய்தேன். ஆப் சரி. சிங்க் சரி. இன்டர்நெட் சரி. இலவச ஆப் என்பதால் யார் எதை மாற்றினார்கள் என்ற விவரம் எதுவும் அதில் கிடைக்கவில்லை. அந்த நிமிடம் ரிப்போர்ட் எழுதியிருந்தால் "கோளாறு எதுவும் இல்லை" என்றுதான் எழுத வேண்டும். அந்த ஒரு வரியோடு செல்வி வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"செல்வி, இன்னிக்கு உள்ள வேலையை எல்லாம் தட்டுங்க. தட்டிட்டு மவுஸை விட்டுட்டு இங்குட்டு வந்து உக்காருங்க. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

மேலைப் பக்கம் ஓடு மாற்றுவது, மோட்டாருக்கு ஆள் வருவது, ஞாயிற்றுக்கிழமைக் குழப்பம் எல்லாவற்றையும் தட்டினார். நாங்கள் இருவரும் ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. கடையிலிருந்து போன் மேல் போன். பிரிண்டர்க்காரர் வந்து நிற்கிறாராம். செல்வி கொண்டுவந்த புளிச்சோற்றைப் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். ஒரு கம்ப்யூட்டரை வெறுமனே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு யாரும் காசு தரமாட்டார்கள் என்று எனக்குள் முனகிக்கொண்டேன்.

மத்தியானத்துக்கு மேல் செல்வி கத்தினார். "மேடம்! மேடம்! அங்க பாருங்க!"

மேலே இருந்த நோட் போனது. அடுத்தது போனது. அடுத்ததும் போனது. நிதானமாக, மேலிருந்து கீழாக. மவுஸ் மேசை மேல் சும்மா கிடக்கிறது. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. கீபோர்டை இழுத்து, "அழிப்பது யார்? உடனே போன் செய்யவும்" என்று தட்டி என் நம்பரையும் போட்டேன். கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் அதுவும் போய்விட்டது.

என் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"நம்பர் போட்டிருந்துச்சே, யாரு பேசுறது?"

குரலைக் கேட்டதும் செல்வி, "கோயம்புத்தூர் ஆச்சி" என்று கிசுகிசுத்தார். மணிவிழாப் பங்காளியின் மனைவி. பேங்கில் ஆபீசராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர்.

"கம்ப்யூட்டர் சர்வீஸ்ல இருந்து பேசுறேன் ஆச்சி. இப்ப நோட்ஸை எல்லாம் அழிச்சது நீங்களா?"

"அழிக்கிறதா? நான் எதுக்கு அழிக்கப் போறேன்? வாசிச்சேன். எனக்கு வேண்டியதை என் டைரியில குறிச்சுக்கிட்டேன். பெறகு சுத்தம் பண்ணி வச்சேன்."

"என்ன சுத்தம்?"

"பொது இடமாச்சேம்மா! வளவுல ஒரு விசேஷம் வச்சா, முடிஞ்சதும் கூட்டிக் கழுவி, நம்ம சாமான் ஒண்ணுகூட வெளியில கிடக்காம அறைக்குள்ள வச்சுப் பூட்டிட்டுத்தானே வருவோம்? கண்டதும் கிடந்தா அடுத்த புள்ளி வந்து பாத்துட்டு என்ன நினைப்பாக?"

"ட்ராஷையும் நீங்கதான் காலி பண்ணுனீகளா?"

"கூட்டுன குப்பையை மூலையில குவிச்சு வச்சுட்டா வருவாக?" ஆச்சிக்கு ரோஷமே வந்துவிட்டது.

"ஆச்சி, நீங்க எடுத்தா இங்க செல்வி கம்ப்யூட்டர்லயும் போயிருமே!"

"அது எப்படிப் போகும்? அது ஆபீஸ் ரூம். செல்விகிட்ட அவ வச்சிருக்கிறது பத்திரமா இருக்கும்ல? எங்க போன்ல வர்றதுதானே பொது?"

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. மூன்று தடவை ஆப்பைப் பிரித்து மேய்ந்திருக்கிறேன். பேட்டரி மாற்றியிருக்கிறேன். இங்கே ஒரு மகராசி ஒழுங்காக வளவைக் கூட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

5. குரூப் கால்

எட்டு வீட்டையும் அதே காலில் சேர்த்துக் குரூப் காலாக்கும்படி ஆச்சியிடம் சொன்னேன். ஒருவர் ஒருவராக வந்தார்கள். நோட்ஸைப் படித்துவிட்டு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"எடுத்துருவேன்" என்றார் மலேசியாக்காரர். "அப்படியே போட்டு வைக்கிறது மரியாதை இல்லையே."

"நானும்தான்" என்றார் பெங்களூர்க்காரர். "எங்க அப்பச்சி இருந்தா ஒரு துரும்பு கிடக்க விடமாட்டாக."

ஆளாளுக்குப் பெருமை வேறு. எழுதுகிறவர் ஒருவர், கூட்டுகிறவர்கள் எட்டுப் பேர்! பாக்கி இருந்தவர் பெரியவர் மட்டும். நானாகவே கேட்டேன்.

"ஐயா, நிச்சயத் தேதியை உங்க கண்ணால பாத்தேன்னு சொன்னீக. பாத்துட்டு என்ன பண்ணுனீக?"

"சரியாத்தான் போட்டிருந்தா. பாத்தாச்சேன்னு... எடுத்துட்டேன்."

"அப்ப தேதி இருந்துச்சா அண்ணே?" கோயம்புத்தூர் ஆச்சி போட்ட சத்தத்தில் என் போன் அதிர்ந்தது. "காலியா கிடக்குன்னுல்ல நாங்க சமையலுக்குச் சொன்னோம்!"

பெரியவர் ரிப்போர்ட் கேட்டிருந்தார் அல்லவா? எல்லோரும் காலில் இருக்கும்போதே எழுதி, உரக்க வாசித்தேன். ஆப்பில் கோளாறு இல்லை. கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை. செல்வி மேல் எந்தத் தவறும் இல்லை. எட்டுப் புள்ளிகளும் படித்துவிட்டு அழித்திருக்கிறார்கள்.

"சரி, சரி. செல்வி, நீ வேலையைப் பாரு" என்றார் பெரியவர். அவ்வளவுதான். பெண்ணின் பெயரைக் கெடுக்கப் பார்த்துவிட்டு, சுலபமாக ஒரு "சரி, சரி". எனக்கு வாய் துறுதுறுத்தது. அதற்குள் செல்வி பேசிவிட்டார்.

"பாக்குறேன் ஐயா. ஆனா இனிமே எழுதுறதும் அழிக்கிறதும் என் கையில மட்டும் இருக்கட்டும். நீங்க எல்லாரும் வாசிக்க மட்டும் செய்யுங்க."

"வீட்டுக்காரவுக நாங்க. எங்க வீட்டு நோட்டுல நாங்க கை வைக்கக் கூடாதா?"

"வைங்க ஐயா. அப்ப நாளைக்கு ஒண்ணு காணோம்னா என்னையக் கேக்கக் கூடாது."

"அவ கேக்குறது நியாயம் அண்ணே, குடுங்க" என்றார் ஆச்சி. பெரியவர் மறுக்கவில்லை. எட்டுப் பேருக்கும் தனித்தனி லாகின் போட்டேன், பார்க்க மட்டும் அனுமதி. செல்விக்கு முழு அனுமதி. நிச்சயத்தைப் பெரியவரே ஒரு மண்டபத்துக்கு மாற்றிக்கொண்டார்.

பிள்ளைகளே, இதில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கோளாறு திரும்பத் திரும்ப வந்தால் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வையுங்கள். அதில் யார் எழுதுகிறார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். திறந்து பார்த்த பிறகு என்ன செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். அப்படியும் பிடிபடவில்லை என்றால், வேலை கெட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

அன்றைக்குக் கிளம்பும்போது செல்வி வாசல்வரை வந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டா? நான் அழிச்சிருக்க மாட்டேன்னு நீங்க நம்புனீகளா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை.

"நம்பவும் இல்ல, நம்பாமலும் இல்ல செல்வி. எனக்குத் தெரியல. அதான் உக்காந்தேன்."

"போதும் மேடம்" என்றார். "உன்னைய நம்புறோம்னு இந்தப் பங்காளிகள்ல நாலு பேரு எனக்குத் தனித்தனியா மெசேஜ் போட்டாக. குரூப்புல ஒருத்தரும் போடல."