அடுத்தவன் தாடி

சலூன் வேலையில் நின்று நின்று கால் வீங்குவதைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள், வயிறு எரிவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கழுத்தில் வெறும் கறுப்புக் கயிற்றோடு நகைக்கடையில் நிற்கிற பிள்ளைக்கு இது புரியும். சீனி வருத்தத்தோடு இனிப்புக் கடையில் லட்டு நிறுத்துக் கொடுக்கிறவருக்கும் புரியும். நானும் உங்கள் சங்கத்து ஆள்தான். ஹட்டனில் ஒரு சலூனில் தாடி எடுப்பது என் வேலை. என் முகத்தில் ஒரு முடிகூட இல்லாமல் அந்த வேலையைப் பல வருஷம் செய்தேன்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில், நான் பிறந்தபோது பெண் பிள்ளை என்று சொல்லி ஜீவராணி என்று பேர் வைத்தார்கள். நான் பையன்தான் என்பது விவரம் தெரிந்த நாளிலிருந்தே எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத்தான் தெரியாது. படிப்பு முடிந்ததும் கொழும்பில் ஒரு பியூட்டி பார்லரில் சேர்த்துவிட்டார்கள். முடி வெட்டக் கற்றது அங்கேதான். பிறகு ராணியைக் கழற்றி வைத்துவிட்டு, கிராப்பு வெட்டிக்கொண்டு, வெறும் ஜீவாவாக ஹட்டனில் வந்து இறங்கினேன். என்னை மாதிரி ஆட்களைத் திருநம்பி என்கிறார்கள். நல்ல சொல்தான். அதோடு சேர்ந்து மீசை வருவதில்லை என்பது மட்டுமே குறை.

பலூன் பரீட்சை

சலூன் முதலாளி பேர் அந்தோனி. நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். வேலை கேட்டுப் போன அன்றைக்கே, துண்டு காயப்போடுகிற பின்பக்கத்தில் வைத்து அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மறைத்துச் சேர்ந்தால் பிறகு தினமும் பயந்து சாக வேண்டும். அவர் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும் ஒரு பலூனை ஊதி, நுரை பூசி, என் கையில் கத்தியைக் கொடுத்தார். பார்லரில் நான் தாடி எடுத்ததே இல்லை. முதல் பலூன் வெடித்து நுரை முழுக்க அவர் சட்டையில் விழுந்தது. இரண்டாவது வெடிக்கவில்லை. நாளைக்கு வரச் சொன்னார், அவ்வளவுதான். வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

என் கதிரையில் உட்கார்ந்த முதல் ஆள், தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றிப் போகிற லொறி டிரைவர். கன்னத்தில் கை வைத்தால் இரும்பு பிரஷ் மாதிரி குத்தியது. காலையில் எடுத்தால் சாயந்திரம் முளைத்துவிடுகிறதாம், பொண்டாட்டி பிள்ளையைத் தூக்கவே விடுவதில்லையாம். அவர் புலம்பிக்கொண்டே இருந்தார், நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். இவ்வளவையும் சுமந்துகொண்டு எப்படித்தான் இப்படி அலுத்துக்கொள்கிறாரோ என்று இருந்தது. முடிந்ததும் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"உனக்கென்ன தம்பி, குடுத்து வச்சவன். மூஞ்சி பளிங்கு மாதிரி இருக்கு."

வெங்காயச் சாறு

பக்கத்துக் கதிரையில் வேலை செய்தவன் ஸ்டீபன், அந்தோனி அண்ணனின் தங்கை மகன். கொட்டகலைக்காரன், என் வயதுதான். பொறாமை என்றால் என்ன என்று எனக்கு முழுதாகத் தெரிந்தது அவனால்தான். திங்கட்கிழமை வெறும் முகத்தோடு வருவான், வியாழக்கிழமை பார்த்தால் காடு. வேலை இல்லாத மத்தியானங்களில் பொழுது போகாமல் ஆட்டுத் தாடி வைத்துப் பார்ப்பான், பிடிக்காவிட்டால் வழித்து எறிந்துவிடுவான். சோற்றைக் கொட்டுகிறவனைப் பசிக்காரன் பார்க்கிற மாதிரி நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். கடை கூட்டும்போது அந்த முடியை அள்ளுவதும் நான்தான்.

சின்ன வெங்காயச் சாறு தடவினால் முடி வரும் என்று யாரோ போனில் சொல்லியிருந்தார்கள். காலையும் மாலையும் தடவினேன். தாடி வரவில்லை, வந்துகொண்டிருந்த ஆட்கள்தான் போனார்கள். ஒருவர் பக்கத்துக் கடையில் என்ன தாளிக்கிறார்கள் என்று கேட்டார். இன்னும் சிலர் பேசாமல் ஸ்டீபன் கதிரைக்கு மாறினார்கள். தாடியும் அவனுக்கு, என் ஆட்களும் அவனுக்கு.

ஒருநாள் பவுடர் டின்னுக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்திருந்த வெங்காயச் சாற்றுப் போத்தலை ஸ்டீபன் கண்டுபிடித்து எடுத்துவிட்டான். அந்தோனி அண்ணன் என் விஷயத்தை அவனிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை, அதனால் எனக்கு மீசை பிந்தி வருகிறது என்றுதான் அவன் நினைத்திருந்தான். சிரிக்கவில்லை. டாக்டர் மாதிரி உட்காரவைத்து விசாரித்தான். மீசை பரம்பரையில் வருவது, அப்பாவுக்கு எப்படி என்று கேட்டான். என் அப்பா மீசை தோட்டத்து டிவிஷன் முழுக்கப் பேர்பெற்றது. காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்கு ஆள் வருவதற்கு முன்னால் மீசை வந்துவிடும் என்பார்கள். அது அப்படியே என் தம்பிக்கு வந்திருந்தது. அதைச் சொன்னேன். ஸ்டீபன் உண்மையாகவே கவலைப்பட்டான்.

"அப்ப உன் பங்கு எங்கடா போச்சு?"

தம்பி வந்தான்

தீபாவளிக்கு முதல் வாரம் அந்தத் தம்பியே வந்து நின்றான். கணேசன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். லீவில் வீட்டுக்குப் போகிற வழியில் ஹட்டனில் பஸ் மாற வேண்டும். நான் வீட்டை விட்டு வந்த பிறகு நாங்கள் போனில் மட்டும்தான் பேசியிருந்தோம். போனில் ஒரு வசதி, யாரையும் முறை சொல்லிக் கூப்பிடாமல் "சொல்லு, சாப்ட்டியா" என்று முடித்துவிடலாம். இப்போது நேரில், அதுவும் கடை நிறைய ஆட்கள்.

அவன் என் கதிரையில் உட்கார்ந்தான். துணி போர்த்தினேன். சின்ன வயதில் ஒரே பாயில் படுத்த எங்கள் இரண்டு முகமும் கண்ணாடியில் மேலும் கீழுமாகத் தெரிந்தன. அதே மூக்கு, அதே நெற்றி. அவன் மூக்குக்குக் கீழே மட்டும் அப்பா உட்கார்ந்திருந்தார். கத்தரிக்கோலை வைத்து அந்த மீசையை ஒழுங்குபடுத்தியபோது, கை தவறினால் என்ன என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அண்ணன் தம்பி உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஸ்டீபன் சும்மா இருப்பானா? எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நான் அவனுக்கு என்ன முறை வேண்டும் என்று கணேசனையே கேட்டான். அக்கா என்றால் என் பிழைப்பு போகும். அண்ணன் என்று அவன் வாயில் ஒருநாளும் வந்ததில்லை. கணேசன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். மடியில் விழுந்த முடியைத் தட்டிவிட்டுவிட்டு, நிதானமாகச் சொன்னான்.

"இதுதான் எங்க வீட்டு மூத்தது."

பாதி முகம்

தம்பி காப்பாற்றியதை எங்கள் லயத்து ஆள் ஒருவர் கெடுத்தார். மாரிமுத்து என்று பேர், அப்பாவோடு வேலை செய்தவர். ஒரு சனிக்கிழமைக் கூட்டத்தில் வந்து என் கதிரையில் உட்கார்ந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, ஆனால் எழுந்து போங்கள் என்றா சொல்ல முடியும்? நுரை பூசி ஒரு கன்னம் எடுத்தாகிவிட்டது. எந்த ஊர் தம்பி என்று கேட்டார். பக்கந்தான் என்று மழுப்பினேன். குரல் காட்டிக் கொடுத்துவிட்டது. திரும்பி நேராகப் பார்த்தார். பெருமாள் மகள் ஜீவராணிதானே என்றார், கடைக்கே கேட்கிற மாதிரி. பொம்பளைப் பிள்ளை கையால் சேவ் எடுத்துக்கொண்டு நான் எப்படி ஊருக்குள் போவேன் என்று துணியைக் கழற்றிக்கொண்டு எழுந்துவிட்டார், ஒரு கன்னத்தில் நுரையோடு.

ஸ்டீபன் தன் கதிரையைக் காட்டினான். அவர் உட்கார்ந்தார். மற்றக் கன்னத்தை அவன் எடுத்தான், என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பாமல். அன்றைக்கு அவனைப் பார்த்து வந்த பொறாமை மாதிரி முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. அவன் யார் என்று யாரும் கேட்கவே மாட்டார்கள். கத்தியை எடுத்தால் போதும், எவனும் கன்னத்தைக் கொடுத்துவிடுவான்.

அடுத்த நாட்களில் என் கதிரை காலியாகத்தான் கிடந்தது. நான் போய்விடுகிறேன் என்று அந்தோனி அண்ணனிடம் சொன்னேன். அவர் ஈரத் துண்டுக் கூடையைத் தூக்கி என் கையில் வைத்தார்.

"வெங்காய நாத்தத்துக்கு ஓடினவனுங்க திரும்பி வரலயா? இதுக்கு ஓடுறவனுங்களும் வருவானுங்க. போய்த் துண்டக் காயப்போடு."

ஸ்டீபன் பேசாத நாட்கள்

ஆட்கள் மெல்ல மெல்ல வந்தார்கள். லொறி டிரைவர்தான் முதலில் வந்தார். அவருக்குத் தம்புள்ளைக்குப் போகிற அவசரம், யார் கை என்று பார்க்க நேரமில்லை. ஸ்டீபன் மட்டும் பேசவில்லை. சீப்பு கேட்டால் தருவான், வாய் திறக்க மாட்டான். அவனுக்கும் மாரிமுத்து மாதிரி அருவருப்பு வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன்.

கடைசியில் நானே கேட்டேன். விளக்குமாற்றை ஓரமாக வைத்துவிட்டு அவன் பேசினான். றொசல்லயில் ஒரு பிள்ளையை அவன் விரும்பியது, அவள் அண்ணன் அடிக்க வந்தது, தான் அழுதது, எல்லாவற்றையும் முதலில் என்னிடம்தான் சொன்னதாக ஞாபகப்படுத்தினான். அது உண்மை. அவன் காதல் கதையைக் கேட்டு நான் எத்தனை நாள் சாப்பிடாமல் படுத்தேன் என்பது அவனுக்குத் தெரியாது. ஒரு பெண் பேரைக் கூச்சமில்லாமல் சத்தமாகச் சொல்கிற வாய் எனக்கு இல்லையே என்ற எரிச்சல் எனக்கு. அவன் எரிச்சல் வேறாக இருந்தது.

"என் மனசுல இருந்த எல்லாத்தையும் உன்கிட்ட சொன்னேன். நீ என்கிட்ட வெங்காயத்த மட்டுந்தான்டா சொன்ன."

கண்டி வாங்கு

அதற்குப் பிறகுதான் கண்டியில் டாக்டரைப் பார்க்கப் போனேன். கூட்டிப்போனது ஸ்டீபன். டாக்டர்கள் பல தடவை வரச் சொல்லி, பேசச் சொல்லி, கடைசியில்தான் ஹார்மோன் ஊசி ஆரம்பித்தார்கள். வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து காத்திருந்தபோது பக்கத்தில் நிஷான் என்று ஒரு சிங்களப் பையன், கம்பளைக்காரன், என்னை மாதிரியே. எனக்கு முன்னாலேயே ஊசி ஆரம்பித்தவன். மேல் உதட்டில் கோடு போட்ட மாதிரி மீசை வந்திருந்தது. பேசும்போதெல்லாம் விரலால் அதைத் தடவிக்கொண்டே பேசினான். அவன் வேண்டுமென்றே தடவுகிறான் என்றுதான் எனக்குப் பட்டது. பிறவியிலேயே மீசை கிடைத்தவனைக்கூட மன்னிக்கலாம், நம்மை மாதிரி இருந்து நமக்கு முன்னால் வாங்கிவிட்டவனை மன்னிக்க முடியாது.

என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டான். சொன்னேன். முதலாளிக்குத் தெரியுமா, கூட வேலை செய்கிறவனுக்குத் தெரியுமா என்று துருவித் துருவிக் கேட்டான். ஸ்டீபன் எங்களுக்குத் தேத்தண்ணீர் வாங்கிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் விரலை மீசையிலிருந்து எடுத்துவிட்டான். நிஷான் வேலை செய்த இடத்தில் விஷயம் தெரிந்ததும் நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். பிறகு சிங்களத்தில் மெதுவாகக் கேட்டான்.

"உங்களுக்கு வேலை இருக்கு, மீசை இல்லை. எனக்கு மீசை இருக்கு, வேலை இல்லை. மாத்திக்குவமா?"

மாப்பிள்ளை சேவ்

ஸ்டீபனுக்கு அந்த றொசல்லப் பிள்ளையோடேயே கலியாணம் நிச்சயமானது. கலியாணத்தன்று காலையில் கொட்டகலையில் அவன் வீட்டுக்குப் போனேன், மாப்பிள்ளைக்குச் சேவ் எடுக்க. எனக்குக் குரல் தடித்திருந்தது, முகம் இன்னும் வெறுமைதான். வாசலிலேயே அவன் தங்கைமார் பிடித்துக்கொண்டார்கள். கொழும்பு பார்லரில் கற்றவராமே, எங்களுக்குக் கொண்டை போட்டுவிடுங்கள் என்றார்கள். மறுக்க முடியவில்லை. உள்ளே போனதும் அவன் அம்மா கதவைச் சாத்தி, சேலை மாற்றுகிறவர்களிடம் கூச்சப்படாதீர்கள், ஜீவா நம்ம பொம்பளப் பிள்ளைதானே என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் வலித்தது. கொண்டை ஊசியை வாயில் கவ்விக்கொண்டிருந்ததால் பதில் சொல்லாமல் தப்பினேன்.

பக்கத்து அறையில் ஆம்பிளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. கொண்டை முடிந்ததும் அந்த அறை வாசலில் போய் நின்றேன். ஸ்டீபன் சட்டை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான், அவன் அப்பா டை கட்டிவிட்டுக்கொண்டிருந்தார். தோட்டத்தில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிக் காய்ச்சுப்போன கை. டை கட்டத் தெரியவில்லை. யாரோ போனில் காட்ட, அதைப் பார்த்து ஒரு சுற்று சுற்றுவார், அவிழ்ப்பார், மறுபடி மகன் கழுத்தைப் பிடித்து நிமிர்த்துவார். தாடி, காதல், கலியாணம் எதுவும் அப்போது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. என் கழுத்தை அப்படி ஒருத்தர் பிடித்து நிமிர்த்த மாட்டாரா என்று இருந்தது. என் அப்பா என்னோடு பேசி வருஷங்கள் ஆகியிருந்தன.

சேவ் எடுக்காமல் டை கட்டி என்ன பிரயோசனம் என்று யாரோ சொல்ல, அதை அவிழ்த்துவிட்டு ஸ்டீபனைப் பின்கட்டில் உட்காரவைத்தார்கள். அவன் தலையைச் சாய்த்துத் தொண்டையைக் காட்டினான். நுரை பூசினேன். கத்தியை வைத்தேன், கை ஓடவில்லை. கண் கலங்கியிருந்தது. வாசலில் நின்ற என் முகத்தை அவன் பார்த்திருக்க வேண்டும். கண்ணைத் திறக்காமலே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"நீ பொறாமப்படுறது எனக்கு எப்பவோ தெரியும்டா. அது பாட்டுக்கு இருக்கட்டும், கத்திய மட்டும் நேரா புடி."

மீசை வந்தால் பொறாமை போய்விடும் என்றுதான் நினைத்திருந்தேன். மீசை வந்துவிட்டது, ஆனால் போன வாரம் ஒருத்தன் அலை அலையாகச் சுருட்டை முடியோடு வந்து என் கதிரையில் உட்கார்ந்தான்.