பிளஸ் பாடிக்குப் போகும்

திருப்பதி ஆஸ்பத்திரியில் எனக்குப் பித்தப்பையை எடுத்தபோது, அடுத்த கட்டிலில் நகரி ஊர்க்கார அம்மா ஒருவர் இருந்தார். தைராய்டு ஆபரேஷன் முடிந்து கழுத்தில் கட்டு. இரண்டு நாள் பேசக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அவரோ பழைய ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்களின் போன் குழுவில் வரும் சந்தேகங்களுக்கெல்லாம் விடாமல் பதில் எழுதிக்கொண்டிருந்தார். எழுதியதை என்னிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புவார்.

அன்று ஒருவர், அறுபது வருடப் பழைய இங்கிலீஷ் காருக்குப் புது பேட்டரி மாட்டப்போவதாகச் சொன்னார். “அந்த மாடலில் மைனஸ் இல்லை, பேட்டரியின் பிளஸ்தான் கார் பாடிக்குப் போகும். மாற்றிக் கொடுத்தால் ரெகுலேட்டர் கருகிவிடும்” என்று இவர் எழுதினார்.

“வீட்ல ஆம்பளைங்க இருந்தா கேட்டுச் சொல்லும்மா” என்று பதில் வந்தது.

இந்த அம்மா போனை வாயருகே பிடித்து, கரகரத்த குரலில் பேசியே அனுப்பிவிட்டார்: “எங்க வூட்டுக்காரருக்கு சைக்கிள் பஞ்சர் கூட ஒட்டத் தெரியாது. டாக்டர் பேசாதன்னு சொல்லிக்கினு கீறார், அதையும் மீறி சொல்றேன். பிளஸ்ஸ பாடிக்குக் குடுய்யா!”

“மாட்லாடொத்தம்மா!” என்று தெலுங்கில் அதட்டி, வாயில் விரல் வைத்தபடி நர்ஸ் ஓடிவந்தார்.

சாயங்காலம் அந்த ஆளிடமிருந்து ஹெட்லைட் எரியும் படமும் ஒரு மன்னிப்பும் வந்தன. இவர் அதைப் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

‘இதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தாங்க, உங்க நைனாவா?’ என்று கேட்க வாயெடுத்தேன். அந்த ஆள் கேட்டதும் இதைத்தானே என்று உறைத்தது. வெட்கப்பட்டு, கேட்காமல், அவர் நீட்டிய அடுத்த பதிலைப் படித்தேன்.