அரைச் சுற்று

தையல்கடைக்காரியை யாரும் கழுத்தில் இஞ்சு டேப் இல்லாமல் பார்த்ததில்லை, பட்டப்பெயரே ‘டேப்பக்கா’தான். அவள் ஆசைப்பட்டு வாங்கிய பழைய கார் மட்டும் முன்பக்கம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. முப்பது வருடமாக அடுத்தவர் பேண்ட்டைக் குறைத்துக் கொடுத்தவளுக்கு அது கண்ணை உறுத்தாதா?

“முன் ஸ்பிரிங்ல கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு சுத்து வெட்டிடலாம் அண்ணி,” என்றான் மெக்கானிக்கான கொழுந்தன். தன் காரை அவன் அப்படித்தான் தாழ்த்தியிருந்தான்.

“வெட்டினதை ஒட்ட முடியாது தம்பி. அரைச் சுத்து போதும்,” என்று இரண்டு ஸ்பிரிங்கிலும் சாக்பீஸால் கோடு போட்டாள்.

முணுமுணுத்தபடியே வெட்டி, மாட்டி, ஜாக்கியை இறக்கினான். மூக்கு முன்பைவிட உயரத்தில் நின்றது. கொழுந்தன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“புதுத் துணிகூட போட்டு நடந்தாத்தான்டா படியும்! ஜாக்கில தொங்கின ஸ்பிரிங்கும் ஓட்டினாத்தான் உக்காரும்!”

சாவியைப் பிடுங்கித் தெருவை இரண்டு முறை சுற்றி வந்து டேப்பை வைத்தாள். டயருக்கு மேலே முன்னும் பின்னும் ஒரே இடைவெளி, நூல் பிசகவில்லை.

கொழுந்தன் தன் காரில் கிளம்பினான். தெருமுனை வேகத்தடையில் காரின் வயிறு கர்ரென்று தேய்ந்தது. அப்படியே ரிவர்ஸில் திரும்பி வந்தான்.

“அண்ணி, என் காருக்குப் புது ஸ்பிரிங் வாங்கிட்டு வரேன். கோடு மட்டும் நீங்களே போட்டுடுங்க.”