ஓடாத மேக்ரோவும் எம்பொண்டாட்டி யுவராணியும்

எம்பொண்டாட்டியப் பத்தி நானே பெருமை பேசுனா ஊர்ல சிரிப்பாக. சிரிச்சுட்டுப் போகட்டும். நான் பேசத்தான் செய்வேன்.

யுவராணி பொறந்தது திருச்சுழிக்குத் தெக்க ஒரு கரிசக்காட்டு ஊரு. எங்க அத்தை பிச்சையம்மாள் பருத்திக்காட்டுல களையெடுத்துத்தான் மகளைப் படிக்க வச்சாக. ரெண்டு பஸ்ஸு மாறி அருப்புக்கோட்டைக்குப் போயி காலேஜுல கம்ப்யூட்டர் படிச்சா. வீட்டுல கம்ப்யூட்டர் ஏது? நோட்டுல புரோகிராம் எழுதி, எங்க தப்புன்னு நோட்டுலயே தேடிப் பழகுனவ. இப்பவும் என் டீசல் பில்லுக்குப் பின்னாடி எதையாவது கிறுக்கி வச்சிருப்பா. என்னன்னு கேட்டா, "ஒங்களுக்குப் புரியாது, போயி லோடு ஏத்துங்க"ம்பா. நான் லோடு ஆட்டோ ஓட்டுறவன், அந்த எளக்காரம்.

பாளையம்பட்டிப் பக்கம் கடைக்காரவுக சேந்து நடத்துற பள்ளிக்கூடத்துல அவ ஏழு வருசமா கம்ப்யூட்டர் டீச்சர். ஏழு வருசமும் தற்காலிகம்தான். மே மாசம் நிப்பாட்டுவாக, ஜூன்ல கூப்புடுவாக. இந்த வருசம் நிரந்தர வேலை ஒண்ணு போடப் போறாகன்னு பேச்சு வந்துச்சு. வெளியூர் ஆளை எடுக்கணும்னு கமிட்டியில பாதிப்பேரு நின்னாக. "ஆண்டு விழாவுல அந்தப் பிள்ளை என்ன செய்யுதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணுவோம்"னு செயலாளர் சங்கரபாண்டியன் அண்ணாச்சி சொல்லிட்டாக.

விழாவுக்குன்னு பவர்பாயிண்ட்டுல ஒரு வினாடி வினா செஞ்சா. சரியான பதில் பட்டனை அமுக்குனா மார்க்கு தானா ஏறும். அப்படித் தானா ஏறுறதுக்கு எழுதி வைக்கிற கட்டளைக்குப் பேரு மேக்ரோவாம். மார்க்குப் பலகை மொதப் பக்கத்துல இருக்கும். ஒரு மாசம் மண்டையப் போட்டு ஒடைச்சா. கொழம்புல உப்பு இல்ல, ரசத்துல புளி இல்ல, நான் வாயத் தொறக்கலியே.

முந்துன நாளு அண்ணாச்சி பாக்கணும்னு கேக்க, வாட்ஸ்அப்புல அனுப்பி வச்சா. மறுநாள் காலையில அவுக ஹெட்மாஸ்டர் ஜெயக்குமார் சாருக்கு அதுலயே திருப்பி அனுப்பிட்டாக. அவரு அதைத்தான் மேடை லேப்டாப்புல ஏத்தி வச்சிருந்தாரு.

விழாவுல கமிட்டிக்காரவுக முன்வரிசையில. நான் ஸ்பீக்கர் பெட்டி எறக்குன சாக்குல கடைசியில நிக்கேன். தெரையில மொதப் பக்கம் வந்துச்சு, பெருசா ஒரு பிள்ளையார் சுழி! அண்ணாச்சி சேத்தது. கடை நோட்டோ கல்யாணப் பத்திரிகையோ, உச்சியில சுழி போடாம அவுக எதையும் தொடங்க மாட்டாக. சனம் கை தட்டுச்சு.

ஒரு பொண்ணு வந்து பட்டனை அமுக்குச்சு. ஒண்ணும் நடக்கல. மறுபடி அமுக்குச்சு. ம்ஹூம். காட்சியை நிப்பாட்டிப் பாத்தா, மேக்ரோவைத் தடுத்து வச்சிருக்குன்னு மேல ஒரு செவப்புப் பட்டை. யுவராணி அசரல. "வாட்ஸ்அப்புல எறக்குன ஃபைலு சார், கம்ப்யூட்டர் நம்ப மாட்டேங்குது"ன்னு சொல்லி, ஃபைலை மூடி, பிராப்பர்ட்டீஸ்ல போயி 'அன்பிளாக்'கு, அதான் தடையை எடுன்னு இருந்த எடத்துல ஒரு டிக்கு போட்டா. திரும்பத் தொறந்தா செவப்புப் பட்டை போயிருச்சு. அப்பாடான்னு மூச்சு விடல, பட்டனை அமுக்குனா புதுசா ஒரு தகராறு. மார்க்குப் பலகையே அந்தப் பக்கத்துல இல்லைங்குது கம்ப்யூட்டரு.

"இதுக்குத்தான் வெளியாளை எடுப்போம்னேன்"னு முன்வரிசையில ஒருத்தர் காதுபடச் சொன்னாரு. எனக்கு வந்த கோவத்துக்கு ஸ்பீக்கரைத் தூக்கி அவரு மடியில வச்சிருப்பேன்.

யுவராணி மேக்ரோ எழுதுன பக்கத்தைத் தொறந்து ஒவ்வொரு வரியா வெரல் வச்சுப் பாத்தா. வெரல் ஒரு எடத்துல நின்னுச்சு. ஜெயக்குமார் சார் கிட்டக் குனிஞ்சு, "அந்தச் சுழிப் பக்கத்தாலதானம்மா? சத்தமில்லாமத் தூக்கிரு"ன்னாரு. மைக்கு ஆன்ல இருக்கதை மனுசன் மறந்துட்டாரு. சபை முழுக்கக் கேட்டுருச்சு. அண்ணாச்சி மூஞ்சி கறுத்துப் போச்சு. போச்சு, வேலை போச்சுன்னு நான் தலையில கைய வச்சேன்.

அவ மைக்கைக் கையில எடுத்தா. "அதை எடுக்க வேண்டாம் சார். மார்க்குப் பலகையை மொதப் பக்கத்துல தேடுன்னு நான் எழுதியிருந்தேன். அண்ணாச்சி முன்னால ஒரு பக்கம் சேக்கவும் பலகை ரெண்டாவதாப் போச்சு. சுழி போடுறது நம்ம வழக்கம், அதுக்கும் சேத்து நான் யோசிச்சிருக்கணும். பலகைப் பக்கத்துக்கு ஒரு பேரு வச்சு, அந்தப் பேரைச் சொல்லித் தேட வைக்கிறேன். அஞ்சு நிமிசம் குடுங்க."

நடந்ததை மறைக்கவும் இல்ல, யாரையும் கொறை சொல்லவும் இல்ல. அம்புட்டுப் பேரும் தெரையில பாக்க, தட்டுனா. நாலு நிமிசந்தான் ஆச்சு. அந்தப் பொண்ணு பட்டனை அமுக்குச்சு. மார்க்கு ஏறுச்சு பாருங்க, பிள்ளைக போட்ட சத்தத்துல கொட்டகையே ஆடிப் போச்சு.

அண்ணாச்சி எந்திரிச்சு மேடைக்கு வந்தாக. மொகத்துல சிரிப்பே இல்ல. "ஏம்மா, இன்னொரு பக்கம் முன்னால சேத்தா?"

"சேருங்க அண்ணாச்சி."

அவுகளே ஒத்தை வெரலால தேடித் தேடித் தட்டி, 'குலசாமி துணை'ன்னு ஒரு பக்கம் சேத்தாக. பெறகு தன் கையாலயே பட்டனை அமுக்குனாக. ஏறுச்சு. நம்பாம இன்னொரு தடவை அமுக்குனாக. அதுக்கும் ஏறுச்சு.

அண்ணாச்சி கமிட்டிப் பக்கம் திரும்புனாக. "நான் கலைச்சு வச்சதை என் கண்ணு முன்னாலயே சரி பண்ணிக் காட்டிருச்சு இந்தப் பிள்ளை. வெளியூர்ல போயி யாரைய்யா தேடப் போறீக? ஜெயக்குமாரு, நிரந்தர ஆர்டரை அடிங்க. கையெழுத்துப் போட்டுட்டுத்தான் நான் கடைக்குப் போவேன்."

நான் அடிச்சேன் பாருங்க ஒரு விசிலு! முன்வரிசை மொத்தமும் திரும்பிருச்சு. மேடையில யுவராணி என்னைய மொறைக்கா, கண்ணுல தண்ணி நிக்கி. "எவன்யா அது, பள்ளிக்கூடத்துல விசிலடிக்கிறது?"ன்னு ஒரு பெரிய மனுசர் அதட்டுனாரு.

"டீச்சர் வீட்டுக்காரன்யா!"ன்னேன்.