எழுபத்தேழாம் எண் புகார்

மின்சார அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளுக்குத் தெருவில் பெயரே 'கம்ப்ளைன்ட்'தான். கரன்ட் போனால் ஊரே அவளைத் திட்டும். திட்டு வாங்கி வாங்கி அவள் ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். "முடிஞ்சா கொஞ்சம் பாருங்க மேடம்" என்று குழைகிறவன் வீட்டுக்கு லைன்மேன் கடைசியில்தான் போவான். "என்ன, தூங்குறீங்களா?" என்று கத்துகிறவன் வீட்டுக்குச் சுடச்சுட ஆள் போய்விடும். நியாயமா என்றால் நியாயமில்லைதான். ஆனால் ஆபீஸ் அப்படித்தான் ஓடுகிறது.

அவள் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். அவர் குரல் கொடுத்தால் அடுத்த நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் சில்லறையை எடுத்து வைத்துக்கொள்வார்கள். வீட்டிலும் இரண்டு பேருக்கும் வாய் ஓயாது. சண்டை போட்டே சந்தோஷமாகக் குடித்தனம் நடத்தியவர்கள். அப்பேர்ப்பட்ட மனுஷர் ஒருநாள் சட்டைப் பொத்தான் போடும்போதே பக்கவாதம் வந்து சரிந்து விழுந்தார். உயிர் பிழைத்தது, கால்கூட மெல்ல நடந்தது. பேச்சு மட்டும் போனது போனதுதான். "அவரு சொல்ல வர்றதை நீங்களே முடிச்சிடாதீங்க, காத்திருங்க" என்றாள் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண். யாரிடம் சொல்கிறாள்? அவர் 'ங்' என்பதற்குள் இவள் "தண்ணியா? ஃபேனா? முதுகு சொறியணுமா?" என்று மூன்று கேள்வி போட்டுவிடுவாள். அந்த வாய் திரும்ப வந்தால் போதும், தன்னை என்ன திட்டினாலும் சரி என்று இருந்தது அவளுக்கு.

உதவிக்கு வந்து தங்கிய நாத்தனார், தம்பியின் கட்டிலருகே தினமும் மண்டியிட்டு, "எல்லாம் உம்முடைய சித்தம் ஆண்டவரே" என்று உருகுவாள். கம்ப்ளைன்டுக்குப் பற்றிக்கொண்டு வரும். சித்தமாம் சித்தம்! இப்படிக் கேட்டால் எந்த லைன்மேன் வருவான்?

அந்த எரிச்சலில்தான் அவள் பைபிளை எடுத்துச் சங்கீதப் பாட்டுகள் இருக்கும் பக்கத்தைப் பிரித்தாள். பிரித்தால், அடேயப்பா, பக்கத்துக்குப் பக்கம் புகார்! எவ்வளவு காலம் இப்படி, ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டாய், தூங்குகிறாயா, எங்களைப் பழையபடி ஆக்கு. போதாக்குறைக்கு ஒவ்வொன்றுக்கும் நம்பர் வேறு போட்டிருந்தார்கள். நம்ம ஆளுங்க என்று அவளுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று.

நடுநடுவே வந்த 'சேலா' என்ற சொல் மட்டும் புரியவில்லை. நோயாளியைப் பார்க்க வந்த பாஸ்டரைப் பிடித்தாள்.

"இசைக் குறிப்பா இருக்கலாம்னு சொல்றாங்கம்மா. உறுதியா யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும் பாஸ்டர். லைன்ல காத்திருக்கணும், அதான் அர்த்தம்."

பாஸ்டர் சிரித்துவிட்டு, "அப்படியே வெச்சுக்குங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

அன்று முதல் தினமும் வேலை முடிந்து வந்ததும், கட்டிலருகே நின்று சத்தமாக ஒரு புகார். நாத்தனார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் வெடித்தாள்.

"ஆண்டவரைப் போய் அதட்டுறியே! உன் வாயாலதான்டி என் தம்பி வாய் அடைஞ்சுபோச்சு!"

சுருக்கென்று தைத்தது. அதே பயம் அவளுக்கும் இருந்தது; இதுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான். பதிலுக்குப் பதில் கொடுக்கிறவள் அன்று அவர் படுத்திருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். புத்தகத்தை எடுத்தாள்.

"நம்பர் எழுபத்தேழு. ஏற்கெனவே பதிஞ்சதுதான்." நாத்தனாருடைய 'நீர், உமது' எல்லாம் அவளுக்கு வராது. 'நீங்க' என்றுதான் ஆரம்பித்தாள், அதுவும் நிலைக்கவில்லை. "என் மேல கோபம்னா என்னைக் கேளுங்க. அவரு வாயை ஏன் பிடுங்கின? இரக்கப்படுறதே மறந்துபோச்சா உனக்கு? சேலா."

வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். நாத்தனார் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்ததால் வழக்கத்தைவிட அதிக நேரமே காத்திருந்தாள்.

"ஃபோ... ஃபோன... வைடி."

"எப்படி வைக்கிறது? அந்தப் பக்கம் இன்னும் எடுக்கவே இல்ல, அதுக்குள்ள..." என்று எரிந்து விழுந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அறையில் அவளையும் அவரையும் தவிர வேறு ஆளில்லை.

"என்னங்க... என்ன சொன்னீங்க?"

கோணிய வாயை இழுத்துப் பிடித்து அவர் சொன்னார். "போ...தும். வை."

"போதுமா? இவ்வளவு நாள் கத்தவிட்டு வேடிக்கை பார்த்துட்டு, இப்பப் போதுமா உங்களுக்கு?" என்று அவர் தோளிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

அழுகைச் சத்தம் கேட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள் நாத்தனார். "ஐயோ, தம்பிக்கு என்னாச்சு?"

"என்னைக் கத்தாதேன்னு திட்டுறாருக்கா!"

"திட்டுறானா? ஆண்டவரே!" நாத்தனார் தொப்பென்று மண்டியிட்டு நீளமாக நன்றி சொல்லத் தொடங்கினாள்.

கம்ப்ளைன்ட் சட்டென்று அவள் கையைப் பிடித்தாள். "உஸ்ஸ்! அப்புறம் சொல்லலாம்க்கா. அவரு இன்னும் ஏதோ சொல்ல வர்றாரு."